இசைத்தட்டு சொல்லாமல் விட்ட கதையைத் திரைப்படம் எப்படி நிரப்புகிறது? ‘டாமி’, ‘தி வால்’, ‘குவாட்ரோஃபீனியா’

நீள்தட்டு (கேள்வி)

வணக்கம். தி ஹூ இசைக்குழு 1969 மே மாதம் வெளியிட்ட ‘டாமி’ என்ற இரட்டை இசைத்தட்டைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். கென் ரஸ்ஸல் இயக்கத்தில் 1975-இல் வெளிவந்த அதன் திரைவடிவத்தை அண்மையில்தான் முழுமையாகப் பார்த்தேன். எங்கள் திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் இப்படத்தைத் திரையிட்டு உரையாட இருக்கிறோம். அதற்கு முன்னால் என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன்.

இசைத்தட்டின் கதையை நான் புரிந்துகொண்டிருந்த விதம் இதுதான். முதல் உலகப் போரில் காணாமற்போன கேப்டன் வாக்கர், அவர் இறந்துவிட்டார் என்று வீட்டார் நம்பத் தொடங்கிய பிறகு திரும்பி வருகிறார். மனைவியோ இன்னொருவருடன் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறாள். திரும்பி வந்த கணவர் அந்த மனிதனைக் கொன்றுவிடுகிறார். அதைப் பார்த்துவிட்ட சிறுவன் டாமியிடம், நீ எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை, யாரிடமும் எதையும் சொல்லப் போவதில்லை என்று பெற்றோர் அழுத்திச் சொல்கிறார்கள். அதன் பிறகு அவன் பார்வை, செவி, பேச்சு மூன்றும் அடைபட்டவனாகிறான். திரைப்படத்தில் இது தலைகீழாகிவிட்டது. அங்கே புதிய துணைவன்தான் திரும்பி வந்த தந்தையைக் கொல்கிறான். காலமும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையதாக மாறி, ‘1921’ என்ற பாடலே ‘1951’ ஆகிவிடுகிறது.

இது இயக்குநர் எடுத்துக்கொண்ட உரிமையா, அல்லது திரைப்படம் என்ற வடிவமே கேட்டு வாங்கிய மாற்றமா? உரையாடலே இல்லாத ஒரு பாடல் வரிசையைத் திரைக்குக் கொண்டுவரும்போது எதைக் காப்பாற்ற வேண்டும்: பாடல்களின் வரிசையையா, பாடியவர்களின் குரலையா, கதையையா? பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’, தி ஹூவின் ‘குவாட்ரோஃபீனியா’ ஆகியவற்றைப் படமாக்கியவர்கள் இந்தக் கேள்வியை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதையும் அறிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

மாலைக்காட்சி

நல்ல கேள்வி. முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ‘1921’ பாடலின் வரிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், யார் யாரைக் கொன்றார் என்பது அதில் இல்லை. கொலை என்ற சொல்கூட இல்லை. எல்லாம் நன்றாக அமையப் போகிறது என்ற நம்பிக்கைப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, பையன் என்ன ஆனான், அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டானே என்ற பதற்றம் வந்துவிடுகிறது. இடையில் நடந்தது என்ன என்பதைப் பாடல் சொல்லாமலேயே கடந்துபோகிறது. தந்தை கொன்றார் என்பது தி ஹூவின் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான பீட் டவுன்ஷெண்ட் கொடுத்த விளக்கங்கள் வழியாகவும் ரசிகர்களின் வாய்வழியாகவும் நிலைபெற்ற செய்தி. இசைத்தட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட முடிகிறது. கேமராவால் முடியாது. ஓர் உடல் தரையில் விழுந்தாக வேண்டும், அது யாருடைய உடல் என்று தெரிந்தாக வேண்டும்.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: ஒரு பாடல் யாருடைய வாயிலிருந்து வருகிறது? இசைத்தட்டில் டவுன்ஷெண்டும் குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரியும்தான் பெரும்பாலான பாத்திரங்களுக்கும் சேர்த்துப் பாடுகிறார்கள். தாயின் வரிகளும் அவர்கள் குரலில்தான் வருகின்றன. கேட்பவருக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் திரையில் தாய்க்கு ஒரு முகம் வேண்டும், அந்த முகம் பாட வேண்டும். ரஸ்ஸல் அந்த வரிகளை ஆன்-மார்கிரெட்டுக்குக் கொடுத்த கணத்திலேயே கதையின் எடை இடம் மாறிவிட்டது. படத்தின் பெரும்பகுதியில் நாயகன் பார்க்காதவன், கேட்காதவன், பேசாதவன். அவனுடைய முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கதையை நடத்த முடியும்? அவன் மௌனத்தைச் சுமந்துகொண்டு, குற்ற உணர்வில் தவித்து, அவனைக் குணப்படுத்த ஒவ்வொரு கதவாகத் தட்டும் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த ஒருவர் தாயாகத்தான் இருக்க முடியும்.

இப்போது கொலைக்கு வாருங்கள். கணவர் கொலை செய்தால் மனைவி வெறும் சாட்சியாகிவிடுகிறாள், பழி அவரோடு நிற்கும். துணைவன் கொலை செய்தால், கணவனைக் கொன்றவனுடனேயே அவள் வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. மகனின் அடைபட்ட கண்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த இரவு அவளுக்குத் திரும்பி வருகிறது. படத்துக்கென்றே புதிதாக எழுதப்பட்ட ‘ஷாம்பெயின்’ பாடலில், செல்வம் கொழிக்கும் வெள்ளை அறையில் தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து நுரையும் அவரைக் குழம்பும் சாக்லேட்டும் அவள் மேல் பொங்கி வழியும் காட்சி இருக்கிறதல்லவா? கொலையை இடம் மாற்றியிருக்காவிட்டால் அந்தக் காட்சிக்கு வேரே கிடையாது. அந்த வேடத்துக்காக ஆன்-மார்கிரெட் ஆஸ்கர் பரிந்துரையும் கோல்டன் குளோப் விருதும் பெற்றார். ஆகவே, படம் எழுப்பிய தேவைதான் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது என் துணிபு.

காலமாற்றத்துக்கும் காரணம் உண்டு. 1921-இல் சிறுவனாக இருந்தவன் வளர்ந்து ஆளாகும்போது ராக் இசையும் இல்லை, அதன் நட்சத்திரங்களைத் தெய்வமாக்கும் இளைஞர் கூட்டமும் இல்லை. இசைத்தட்டில் ஆண்டுகள் மங்கலாக இருப்பதால் இந்த முரண் காதில் படுவதில்லை. உடையும் காரும் தெருவும் தெரியும் படத்தில் அது உடனே கண்ணில் படும். டால்ட்ரி 1944-இல் பிறந்தவர், டவுன்ஷெண்ட் 1945-இல் பிறந்தவர். படத்தின் டாமியோ போர் முடிந்த வெற்றி நாளில் பிறக்கிறான். அவர்களுடைய தலைமுறைக்கே கதை திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாம். விடுமுறை முகாமும் அப்படியே. இசைத்தட்டின் இறுதியில் அது சட்டென்று தோன்றுகிறது. குணமடைந்த டாமியைத் தெய்வமாகக் கொண்டாடும் மதம் ஒரு விடுமுறை முகாமில் நடக்கட்டும் என்பது டிரம் வாசிப்பாளர் கீத் மூன் சொன்ன யோசனை. படமோ தொடக்கத்திலேயே, தாய் தன் புதிய துணைவனைச் சந்திக்கும் இடமாக ஒரு விடுமுறை முகாமைக் காட்டி, இறுதிக்கு அப்போதே விதை ஊன்றிவிடுகிறது. திரைக்கதை என்ற கலையின் வேலை இதுதான்.

‘பின்பால் விஸார்ட்’ பாடலில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பாடலைப் பாடுவது டாமி அல்ல. பின்பால் என்ற எந்திர விளையாட்டில் அவனிடம் தோற்றுப்போன பழைய வெற்றியாளன் வியந்து பாடும் பாட்டு அது. இசைத்தட்டில் அதைப் பாடியவர் டால்ட்ரி. படத்தில் டால்ட்ரியே டாமி, அதுவும் வாய் திறக்காத டாமி. அவரே தன்னை வியந்து பாட முடியாது என்பதால் பாடல் எல்டன் ஜானுக்குப் போனது. ஆளுயரத்துக்கு எழும்பிய காலணிகள் மேல் அவர் நின்று பாட, சவுத்ஸீ கிங்ஸ் அரங்கில் எடுக்கப்பட்ட அந்தக் காட்சியைப் படத்தை மறந்தவர்கள்கூட நினைவில் வைத்திருக்கிறார்கள்.

புதிய துணைவனாக வரும் ஆலிவர் ரீட், மருத்துவராக வரும் ஜாக் நிக்கல்சன் போன்ற பாடகரல்லாத நடிகர்கள் தங்கள் சொந்தக் குரலிலேயே பாடியிருப்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். பின்னணிப் பாடகரின் தேர்ந்த குரலுக்கு நடிகர் வாயசைப்பதைக் கேட்டே வளர்ந்த நமக்கு ரீடின் கரடுமுரடான குரல் முதலில் துணுக்குறச் செய்யும். ஆனால் அந்தப் பாத்திரத்தின் முரட்டுத்தனம் முழுவதும் அந்தக் குரலில்தான் இருக்கிறது என்பதைச் சிறிது நேரத்தில் காது ஏற்றுக்கொள்கிறது.

எனக்கும் படத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. ரஸ்ஸல் எந்த இடத்தையும் வெறுமையாக விடுவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு படிமம், அதற்கு மேல் இன்னொரு படிமம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஏறக்குறைய பத்து நிமிடம் சொற்களின்றி ஓடும் ‘அண்டர்ச்சர்’ போன்ற பகுதிகளில் இசைத்தட்டு நமக்குத் தந்த தனிமை படத்தில் எங்குமே கிடைப்பதில்லை.

ரேழி

மாலைக்காட்சி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ‘பாடலுக்கு ஒரு வாய் கண்டுபிடித்தாக வேண்டும்’ என்பதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயை மூடிவிடுவதும் ஒரு வழி. ‘தி வால்’ அந்த வழியில் போன படம்.

1979 நவம்பர் இறுதியில் வெளிவந்த இசைத்தொகுப்பு அது. படம் 1982-இல் கான் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. தொடக்கத்தில் இசைக்குழுவின் மேடை நிகழ்ச்சியைப் படமெடுத்து அதனோடு நடிப்புக் காட்சிகளையும் சேர்ப்பதாகத்தான் திட்டம் இருந்தது. தன்னைச் சுற்றி மனத்தில் ஒரு சுவரை எழுப்பிக்கொள்ளும் ராக் பாடகன் பிங்க்தான் நாயகன். அந்த வேடத்தையும் பாடல்களை எழுதிய பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸே ஏற்பதாக இருந்தது. லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் எடுத்த மேடைக் காட்சிகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. தயாரிப்பாளராக இருந்த ஆலன் பார்க்கர் இயக்குநரானார், பிங்க் வேடம் பாடகர் பாப் கெல்டாஃபுக்குப் போனது. என் கணிப்பில் படத்தைக் காப்பாற்றியது இந்த முடிவுதான். எழுதியவரே நடித்து, தான் பாடிய பாடலுக்குத் தானே வாயசைத்திருந்தால் அது ஒரு நீண்ட கச்சேரிப் பதிவாகவே நின்றிருக்கும்.

‘கம்ஃபர்ட்டபிளி நம்ப்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டில் மருத்துவரின் வரிகளை வாட்டர்ஸும், மரத்துப்போன பிங்க்கின் வரிகளைக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரும் பாடுகிறார்கள். ஒரே பாட்டில் இரண்டு மனிதர்கள், இரண்டு குரல்கள். மாலைக்காட்சி சொன்ன விதிப்படி இந்தப் பாட்டை இரண்டு நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். பார்க்கர் அப்படிச் செய்யவில்லை. விடுதி அறையில் பிங்க் நாற்காலியில் சரிந்து கிடக்க, மேலாளர் பதற, மருத்துவர் ஊசி போட, பாடல் எவருடைய வாயிலும் ஒட்டாமல் அறைக்கு மேலே மிதக்கிறது. அது அவன் தலைக்குள் கேட்கும் பாடல் என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

இந்தப் படத்தில் கெல்டாஃப் பாடும் குரலாக நம் நினைவில் நிற்பது ‘இன் த ஃபிளெஷ்’. சீருடை அணிந்த சர்வாதிகாரியாகக் கூட்டத்தின் முன் நின்று, இவனைச் சுவரோடு நிறுத்து, அவனை வெளியேற்று என்று கொக்கரிக்கும் பாட்டு. அதைத் தவிர, கழிப்பறையில் ஒடுங்கி உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுக்கும் சில வரிகள் உண்டு. மனிதனாக இருக்கும்வரை பெரும்பாலும் வாயடைத்துக் கிடந்தவன், வெறுப்பைப் பேசத் தொடங்கும்போதுதான் முழுக் குரல் பெறுகிறான். இசைத்தட்டில் இந்த வேறுபாடு இல்லவே இல்லை, ஏனென்றால் அங்கே முதலிலிருந்து முடிவுவரை குரல்கள் பாடிக்கொண்டேதான் இருக்கின்றன. படம் தன் சொந்த முயற்சியால் கண்டடைந்த பொருள் இது. அதனாலேயே தழுவல்களில் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

நடிகரால் ஆக முடியாத இடங்களைக் கேலிச்சித்திரக்காரர் ஜெரால்ட் ஸ்கார்ஃபின் அசைவோவியங்கள் ஏற்றுக்கொள்கின்றன. படத்தில் ஏறத்தாழ 15 நிமிடம் அவருடையது. ஒரு பகுதி மேடை நிகழ்ச்சிக்காக முன்பே வரையப்பட்டிருந்தது. அணிவகுத்து நடக்கும் சுத்தியல்கள், ஒன்றையொன்று விழுங்கும் மலர்கள், இறுதி நீதிமன்றம் ஆகியவற்றை நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் நாடக மேடை போலாகியிருக்கும்.

பாடல் வரிசையைக் காப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘ஹே யூ’ இசைத்தொகுப்பின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று. அதற்கான காட்சிகளைப் படமெடுத்துத் தொகுத்த பிறகும், முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்கிறது என்பதால் வெட்டிவிட்டார்கள். ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’ பாடலும் இல்லை. மாறாக, ‘வென் த டைகர்ஸ் புரோக் ஃப்ரீ’ புதிதாகச் சேர்ந்தது. வாட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1944 பிப்ரவரியில், அவர் தந்தை இத்தாலியின் ஆன்சியோவில் போரில் இறந்தார். இசைத்தொகுப்பில் தந்தையின் மறைவு சில வரிகளில் மட்டுமே வந்துபோகிறது. படம் அதைத் தொடக்கத்துக்கே கொண்டுவந்து, இழுப்பறையில் தந்தையின் சீருடையையும் அரசரின் பெயரால் வந்த இரங்கல் சுருளையும் சிறுவன் கண்டெடுக்கும்படி செய்கிறது. ரசிகர்கள் ‘ஹே யூ’வுக்காக இன்றும் வருந்துகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டை இழந்து இந்தக் காட்சியைப் பெற்றது நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

இதே பார்க்கர்தான் 1996-இல், அர்ஜென்டினாவின் ஈவா பெரோனின் கதையான ‘எவீட்டா’வைப் படமாக்கினார். அதுவும் 1976-இல் இசைத்தொகுப்பாகவே பிறந்த படைப்பு. அங்கே அவர் நேரெதிர் வழியில் போய், ஏறக்குறைய எல்லாவற்றையும் பாத்திரங்களின் வாயிலேயே பாட வைத்தார். எவீட்டாவின் கதை மேடைமாடத்தில் நின்று மக்களை நோக்கிப் பாடும் ஒருத்தியின் கதை, பிங்க்கின் கதை அறைக்குள் அடைபட்டவனின் கதை. எந்த வழி என்பதைக் கதைதான் தீர்மானிக்கிறது, இயக்குநரின் பழக்கம் அல்ல.

நீள்தட்டு

இருவருக்கும் மிக்க நன்றி. ‘1921’ பாடலில் கொலையாளி யார் என்றே சொல்லப்படவில்லை என்பதைப் படித்ததும் மீண்டும் ஒருமுறை வரிகளைப் பார்த்தேன், உண்மைதான். ரேழி எழுதியதைப் படித்த பிறகு ஓர் ஐயம் எழுகிறது. ‘குவாட்ரோஃபீனியா’ படத்தில் பாத்திரங்கள் பாடுவதே இல்லை என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் அதை ராக் ஓப்பராவின் (ராக் பாடல்களாலேயே கதை சொல்லும் இசைத்தொகுப்பின்) தழுவல் என்று சொல்வது பொருந்துமா, அல்லது அதே கதையை வைத்து எடுத்த வேறொரு படமா?

தென்கரை

தழுவல்தான், அதுவும் மூன்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது.

ஃபிராங்க் ராடம் 1979-இல் எடுத்த அந்தப் படத்தில் எல்லோரும் சாதாரணமாகப் பேசுகிறார்கள். 1964-இன் லண்டன் ‘மாட்’ (நவநாகரிக உடையை விரும்பிய) இளைஞர்கள், ஸ்கூட்டர்கள், மாத்திரைகள், விடுமுறை நாளில் பிரைட்டன் கடற்கரையில் ‘ராக்கர்’ (தோல் மேலங்கி அணிந்து மோட்டார் சைக்கிளில் திரிந்த) கூட்டத்தோடு நடக்கும் கைகலப்பு, பிறகு நீதிமன்றம் என்று கதை தரையில் நடக்கிறது. 1973-இன் இசைத்தொகுப்பிலிருந்து வரும் பாடல்கள் பின்னணியில் ஒலிக்கின்றன. ஃபில் டேனியல்ஸ் நடித்த நாயகன் ஜிம்மி அந்த இசைத்தொகுப்பின் ஒரு வரியைக்கூடப் பாத்திரமாக நின்று பாடுவதில்லை. அவன் தொடர்வண்டியில் கண்ணுக்கு மை தீட்டி, இரு கனவான்களுக்கு நடுவே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது ‘5:15’ ஒலிக்கிறது. அவனால் சொல்ல முடியாததை இசை சொல்லிக்கொண்டு போகிறது. ஜிம்மி தன் மனத்தைச் சொற்களில் வைக்கத் தெரியாத பையன். அவனைப் பாட வைத்திருந்தால் அந்த இயலாமையே காணாமற்போயிருக்கும்.

இழப்பும் பெரியதுதான், அதை மறைக்கக் கூடாது. இசைத்தொகுப்பின் அடித்தளம் ஜிம்மியின் நான்கு ஆளுமைகள். இசைக்குழுவின் நால்வரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருப்பொருள் இசை உண்டு, அவை கடைசியில் ஒன்றோடொன்று பின்னி ‘லவ், ரெய்ன் ஓ’எர் மீ’ பாடலில் வந்து சேர்கின்றன. இந்தக் கட்டுமானம் படத்தில் ஏறத்தாழ முழுமையாகக் கைவிடப்பட்டுவிட்டது. நான்கு இசைக்கருக்களின் பின்னலைக் காட்சியாக்க இப்போதும் எனக்கு ஒரு வழி தோன்றவில்லை. ஆனாலும் அது இல்லாத குறையை, இசைத்தொகுப்பை அறிந்தவர் எவரும் உணரவே செய்வார்.

ஆனால் ‘பெல் பாய்’ வரும் இடத்தைப் பாருங்கள். இசைத்தொகுப்பில் அது ஜிம்மிக்கும் ஒரு விடுதிப் பணியாளுக்கும் நடக்கும் உரையாடல், பணியாளின் வரிகளை மூன் தன் கரகரத்த குரலில் பாடியிருக்கிறார். படப்பிடிப்புக்குச் சற்று முன்பு, 1978 செப்டம்பரில் மூன் இறந்துவிட்டார். படத்தில் அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் பாடகர் ஸ்டிங். கூட்டத்தின் தலைவனாக, எல்லோரும் பார்த்து ஏங்கும் பேரழகனாக வலம் வந்தவன், விடுதி வாசலில் சீருடையோடு பெட்டி தூக்குவதை ஜிம்மி பார்க்கிறான். விளக்கம் ஏதுமில்லை. பாட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு பார்வையும் ஒரு கூவலும் ஏந்திவிடுகின்றன.

நான்காவதாக ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ பற்றியும் ஒரு சொல். 1970-இல் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரும் டிம் ரைஸும் வெளியிட்டபோதே அது இசைத்தொகுப்புதான். ஆனால் அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிப் பாடகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இயேசுவாக இயன் கில்லன், யூதாஸாக மர்ரே ஹெட் பாடியிருந்தார்கள். 1973-இன் படத்தில் அந்த இருவருக்கும் பதிலாக டெட் நீலியும் கார்ல் ஆண்டர்சனும் வந்தார்கள். மகதலேனா மரியாளாகப் பாடிய இவான் எலிமனும் பிலாத்துவாகப் பாடிய பாரி டென்னனும் இசைத்தட்டிலிருந்து படம்வரை அதே வேடங்களில் தொடர்ந்தார்கள். ஆகவே நார்மன் ஜூயிசனுக்குக் குரலைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை, இந்தப் பாட்டுகள் எந்த உலகத்தில் நடக்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. இளம் நடிகர் குழு ஒன்று பேருந்தில் பாலைவனத்துக்கு வந்து இறங்கி, வேடம் புனைந்து, கதையை நடத்திவிட்டுத் திரும்புவதாக அவர் அமைத்தார். இஸ்ரேலின் இடிபாடுகளுக்கிடையில் யூதாஸின் பின்னால் பீரங்கி வண்டிகள் வரும்போது அது பழங்காலமா நிகழ்காலமா என்ற கேள்வியே எழாமற்போகிறது.

உங்கள் திரையிடலுக்கு இரண்டு நடைமுறைக் குறிப்புகள். ‘டாமி’ முதலில் வெளியானபோது அதற்கென்றே அமைத்த ஐந்து வழி ஒலிமுறையில் ஒலித்த படம். தொடக்கம் முதல் இறுதிவரை பாட்டாகவே ஓடுவதால் ஒலிபெருக்கி தெளிவாக இல்லையென்றால் பார்வையாளருக்குக் கதையே புரியாது. அரங்கின் ஒலியமைப்பை முன்னரே சோதித்துவிடுங்கள், வசன வரிகள் உள்ள பிரதியையும் தேடிப் பெறுங்கள். மற்றொன்று, சிறுவன் உறவினர்களால் துன்புறுத்தப்படும் இரண்டு பாடல்கள் படத்தில் உண்டு. அவற்றைத் தன்னால் எழுத இயலாது என்று கருதியே டவுன்ஷெண்ட் அந்தப் பொறுப்பைக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் என்ட்விசிலிடம் கொடுத்தார். காட்சியாகப் பார்க்கும்போது அவை இன்னும் கடுமையாகத் தாக்கும். அழைப்பிதழிலேயே அதைக் குறிப்பிட்டு, பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.